கடைசி முடிச்சு

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். அன்று கயிற்றைப் பிடித்திருந்தது என் கை.

அப்போது எனக்குப் பதினாறு வயது. கோடைகாலச் சாரணியர் முகாமில் ஆறு பேர் அணிக்கு நான் தலைவி. பதினொரு வயதுத் தங்கையும் என் அணியில்தான். எங்களுக்குக் கிடைத்தது ஓடையை ஒட்டிய நான்காம் திடல். மூன்றாம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்துக்குள் தண்ணீர். பெரிய கொட்டகைக்கு வரச் சொல்லி விசில் கேட்டது. மணி 6.40.

இருட்டில் நடக்க எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒரே கயிறு, ஆளுக்கொரு முடிச்சு. முன்னால் போகும் தலைவி ஒருமுறை இழுப்பாள். பின்னால் வருகிறவர்கள் வரிசையாக ஆளுக்கொரு தடவை இழுத்துப் பதில் தர வேண்டும். ஐந்து வந்தால் எல்லோரும் இருக்கிறார்கள்.

“அக்கா, நான் உன் பின்னாடியே வரேனே,” என்றாள் தங்கை.

“தங்கச்சிக்குச் சலுகைன்னு பேசுவாளுங்க. கடைசில நில்லு.”

அதைச் சொன்ன வாயை இன்றும் திட்டிக்கொள்கிறேன்.

6.48. இழுத்தேன். ஐந்து வந்தது.

6.55. ஐந்து. கடைசி இழுப்பு மட்டும் கொஞ்சம் பலம். பயத்தில் இழுக்கிறாள், பாவம் என்று நினைத்தேன்.

7.02. ஐந்து. கடைசி இழுப்பில் நானே ஓரடி பின்னால் போனேன்...

7.05. கொட்டகை விளக்கு. திரும்பினேன்.

நான்கு பேர்.

கடைசி முடிச்சு சேற்றில் கிடந்தது. எடுத்தேன். அத்தனை மழையிலும்... சூடாக இருந்தது.

ஓடப் பார்த்தேன். முகாம் ஆசிரியை என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “ஓடையில வெள்ளம். விட மாட்டேன்.” கத்தினேன், கடித்தேன். விடவில்லை. பெரியவர்கள் விளக்கோடு போனார்கள். இரண்டு மணி நேரம் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

9.10-க்குத் தூக்கி வந்தார்கள். நான்காம் திடலில், எங்கள் கூடாரக் கம்பத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தாளாம். உயிர் இருந்தது. கையில் பாசி பிடித்த ஒரு முழக் கயிறு. அதில் ஒரே ஒரு முடிச்சு, அதைச் சுற்றி நீல நூல்.

“ஏன்டி கயித்த விட்டே?”

“விடலையே. நீ மூணு தடவ இழுத்தே. நானும் இழுத்தேன். நடந்துக்கிட்டேதான் இருந்தேன்.”

காலையில் அந்தத் துண்டை முகாம் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் காட்டினேன். பார்த்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இந்த நீல நூல் நான் சுத்தினது. எட்டு வருஷம் முன்னாடி உங்க திடல்லருந்து வரும்போது ஒரு பொண்ணு ஓடையோட போயிட்டா. கயிறு அறுந்துபோச்சு. அவ முடிச்சு மட்டும் கிடைக்கவே இல்ல.”

“அவங்க தலைவி இழுத்துப் பாக்கலையா?”

“பாத்தாளாம்மா. கொட்டகை வர்ற வரைக்கும் அஞ்சும் சரியா வந்துச்சாம்.”