முதல் வண்டி

கரீபியன் கடலிலுள்ள இந்தத் தீவைச் சுற்றுலாக் கப்பல்கள் கைவிட்டு ஒன்றரை வருடமாகிறது. ஆனாலும் துறைமுக வாசலில் வாடகை வேன்களின் வரிசை மட்டும் கலையவில்லை. முதல் வண்டி கத்பர்ட்டினுடையது. கடைசிக் கப்பல் கிளம்பியபோது அடுத்த சவாரிக்கான முறை அவருடையதாக இருந்தது. அதை விட மனமில்லாமல் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, தினமும் வீட்டிலிருந்து நடந்துவந்து கழுவினார்.

"வேற பொழப்பப் பாருய்யா" என்பாள் மனைவி ஹையசிந்த்.

"முத ஆளா நிக்கிறவன எவளாவது வரிசைய விட்டு வரச் சொல்லுவாளா?"

ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளைக் கப்பலொன்று தூரத்தில் வந்து நின்றது. ஓட்டுநர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். படகில் வந்து இறங்கியவன் ஒரே ஒருவன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்த கப்பல் சமையல்காரன். அவனை இறக்கிவிட்டதும் கப்பல் தன் வழியே போய்விட்டது. ஆம்புலன்ஸ் பழுதாகிக் கிடந்ததால் கத்பர்ட்தான் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கூலி கேட்கிற நேரமா அது?

திரும்பி வந்தபோது, அதுவரை இரண்டாவதாக நின்ற ரூஃபஸின் வேன் முதல் இடத்தில் நின்றது.

"அது என் எடம்டா!"

"கப்பல்ல வந்த ஆள் ஏறிட்டா முறை முடிஞ்சுதுன்னு எங்கள வெரட்டுனது நீங்கதானே அண்ணே?"

கத்பர்ட் மற்றவர்களைப் பார்த்தார். அவர்களும் ஆளுக்கு ஓரிடம் முன்னே நகர்ந்து நின்றிருந்தார்கள். வண்டியை வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் விடிந்ததும் ரூஃபஸ் வாளியும் துணியுமாக வந்து தன் வேனைக் கழுவினான். கத்பர்ட்டின் வேன் அன்றுதான் முதன்முதலாகக் கழுவாமல் நின்றது.