காற்று வந்த நாளைப் பற்றி நான் எழுதிய அறிக்கை

"கடும் காற்று வருகிறது. எல்லோரும் உடனே மேற்கே, தகரக் கொட்டில்களுக்குப் போகவும்."

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மோதினார் வாசித்த இந்த அறிவிப்பை எழுதியவன் நான். சுனாமி கழிந்து இரண்டாம் வருடம். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குத் தெற்கே ஒரு கரையோரப் பிரிவில் கிராம சேவகராக, ஊர் வழக்கில் ஜீ.எஸ். ஆக, இருந்தேன். கடல் கிழக்கே, ஆகவே ஆபத்தென்றால் மேற்கே ஓடுவது என்று ஊரே பழகியிருந்தது. வீடிழந்தவர்களின் தகரக் கொட்டில்களும் மேற்கே வயலோரம்தான் இருந்தன. வருவது கடலல்ல, காற்று என்று நான் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

ஊரில் பாதிப்பேர் அன்று றஹ்மத்தும்மாவின் மகள் கலியாணத்தில் இருந்தார்கள். காவின் என்னும் நிக்காஹ் பதிவு எழுதி முடிந்து, பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டுகளான சஹன்களில் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். சைக்கிளில் போய் எல்லோரையும் எழும்பச் சொன்னேன்.

"ஜீ.எஸ். சேர், கடல் வந்தா மேற்கு, சரி. காத்துக்கும் தகரக் கொட்டிலா? தகரம் பறந்தா கழுத்தத்தானே அறுக்கும்!" என்றார் றஹ்மத்தும்மா.

"இது மேலிடத்து உத்தரவு" என்றேன். பொய். காற்று வரும் என்று மட்டுமே மேலிடம் சொல்லியிருந்தது.

"அப்ப மேலிடத்தையே கொட்டிலுக்குள்ள இருக்கச் சொல்லுங்க. மாப்பிள்ள, அந்தச் சஹனத் தூக்குங்க! எல்லாரும் ஸ்கூலுக்கு நடங்க!"

கடற்கரைப் பக்கத்துக் கொங்கிறீட் பாடசாலை அது, சுனாமிக்கே விழாதது. மாப்பிள்ளை சஹனோடு முன்னால் போக, கலியாணமே பின்னால் போனது. அறிவிப்பைக் கேட்டுக் கொட்டில்களில் கூடியிருந்தவர்களை இளைஞர்கள் ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள். கடைசியாக நானும் உள்ளே போனேன்.

காற்று சுழன்றடித்தது. கால் மணி நேரம்கூட இல்லை. ஓய்ந்ததும் போய்ப் பார்த்தோம். ஒரு கொட்டிலும் மிச்சமில்லை. தகரங்கள் வயலில் குத்தி நின்றன. எங்கள் பிரிவில் ஓர் உயிரும் போகவில்லை.

பெண்கள் குரவையிட்டார்கள். இளைஞர்கள் மேசை தட்டிப் பாடினார்கள். சோறு ஆறிப்போயிருந்தது, அவ்வளவு ருசியான சோற்றை நான் தின்றதில்லை. மாலையில் அயலூர்களில் இறந்தவர்களின் செய்தி வந்தது. பாட்டை நிறுத்தி எல்லோரும் அவர்களுக்காகக் கையேந்தித் துஆச் செய்தோம்.

மறுநாள், "எனது அறிவுறுத்தலின் பேரில் மக்கள் பாடசாலைக்கு நகர்த்தப்பட்டனர்" என்று அறிக்கை எழுதினேன். பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் றஹ்மத்தும்மாவிடம் போய், அறிக்கையில் பொய் எழுதியதை ஒப்புக்கொண்டேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் தெரியும் சேர். உங்கட சந்தோசத்த ஏன் கெடுப்பானெண்டு இருந்தம்."

இந்த உத்தியோகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் உத்தரவை யாராவது மறுத்தால், சைக்கிளை விட்டு இறங்கிக் காது கொடுங்கள். அறிக்கையில் அவர் பெயரையும் எழுதுங்கள். நான் எழுதாமல் விட்டது இதுதான்: மக்களைப் பாடசாலைக்கு அழைத்துச் சென்றவர் றஹ்மத்தும்மா. மேற்கே போகச் சொன்னவன் நான்.