மருந்தோ உப்புத் தண்ணியோ

விசாலாக்ஷிக்கு இருமல் கல்யாணத்துக்கு முன்பே வந்தது. மத்திய சர்க்கார் ஆபீசில் டைப் அடித்த காலமெல்லாம் கைக்குட்டைக்குள் இருமிப் பழகியவள். காசநோய் என்று இரண்டு தடவை மருந்து தின்றாள். அது காசநோயே இல்லை. மூச்சுக்குழாய்கள் அகன்று தொய்ந்து, தேங்கிய சளியில் கிருமி குடியிருக்கிறது என்று ரிடையரான பிறகுதான் ஒரு டாக்டர் படம் போட்டுக் காட்டினார்.

அவருடைய ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள். விசாலாக்ஷியும் பெயர் கொடுத்திருக்கிறாள். மெஷினில் ஊற்றி, குழாயை வாயில் கவ்வி இழுக்க வேண்டும். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. மாதாமாதம் நேரில் போய்ச் சளி கொடுக்க வேண்டும். தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

தீபாவளி கழிந்ததும் தில்லி வானம் புகைமூட்டத்தில் கஞ்சித் தண்ணி நிறத்துக்கு வந்தது. லக்ஷ்மிபாய் நகர் பக்கத்து வாடகை வீட்டில் ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார் அவள் கணவர் பட்டாபி. புகை போக வழியில்லாததால் அவள் தாளிப்பதையே விட்டுவிட்டாள்.

"கோயம்புத்தூர்ல கௌஷிக் நமக்குன்னு ஒரு ரூமே ஒழிச்சு வெச்சிருக்கான். குளிர் முடியறவரைக்கும் பிள்ளையோட இருந்துட்டு வரலாம். இந்தக் காத்தையும் இழுத்து, அந்த மருந்தையும் இழுக்கணுமா?"

"வரேன்னு நான் சொன்னேனா?"

சொல்லவில்லை. ஆனால் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து இந்துஜா போன் செய்தபோது விசாலாக்ஷி குளித்துக்கொண்டிருந்தாள். சோதனையில் சேர்ந்தவர்களைக் கவனிக்கிற பெண் இந்துஜா. "ஆன்ட்டி இனிமே வரமாட்டாம்மா. நாங்க ஊருக்குப் போறோம். அச்சா, வெச்சுடறேன்" என்று பட்டாபியே பேசி முடித்துவிட்டார்.

அவர் சொன்னதைத் தலை துவட்டிக்கொண்டே கேட்டவள் அப்படியே உட்கார்ந்தாள். இருமல் பிடித்துக்கொண்டது. அடங்கியதும் போனை எடுத்தாள்.

"இந்துஜா, மாமா சொன்னதை எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல ஆன்ட்டி. ஆனா ஊருக்குப் போனா உங்க மூச்சுக்கு நல்லதுதானே? இதுல இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல."

"தெரியும்டி. திங்கக்கிழமை வரேன்."

பட்டாபிக்கு முகம் சிவந்தது. "அது வெறும் உப்புத் தண்ணியா இருந்தா? இந்த டப்பாக்குள்ள எதுக்கு அடைஞ்சு கிடக்கணும்?"

"இருந்தா இருக்கட்டும். அதையும் யாராவது இழுத்தாத்தானே மருந்து கேக்கறதா இல்லையான்னு தெரியும்? என்ன வியாதின்னே தெரியாம இத்தனை வருஷம் இருமினது போறும். நீங்கோ போயிட்டு வாங்கோ."

"நான் மட்டும் போனா? உன் பிள்ளை என்னை ஊறுகா போடுவானா?"

முணுமுணுத்தபடி இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்தார். அவள் மெஷினைப் போட்டுக் குழாயைக் கவ்விக்கொண்டாள். அவளால் பதில் பேச முடியாத அந்த நேரம் பூராவும், எதிரே உட்கார்ந்து கோயம்புத்தூர்க் காற்றைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார் பட்டாபி.