சர் டார்க்வில் கொடுத்த ஹெலிகாப்டர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். டாக்டர் ஐல்சா இன்றுவரை இதில் ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

ஸ்காட்லாந்து மலைகளில் நன்கொடைப் பணத்தில் பறக்கும் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் அது. ஐல்சா அதில் டாக்டர். அன்று கேலம் என்ற ஆட்டுக்காரர்மேல் பண்ணை வண்டி கவிழ்ந்துவிட்டது. விலா நொறுங்கியிருந்தது. மயக்க மருந்து கொடுத்து, தொண்டையில் மூச்சு விட ஒரு குழாய் போட்டு ஏற்றினார்கள்.

ஹெலிகாப்டர் எழும்பியது. காதைப் பிளக்கும் இரைச்சல். ஹெட்போன் இல்லாமல் எதுவும் கேட்காது.

அந்த ஹெட்போனில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஆட்டுக்காரனா? இவனுக்கா இது?"

ஐல்சா நிமிர்ந்தார். எதிரே உதவியாளர் டூகல் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வாய் அசையவில்லை.

அந்த இழுவைப் பேச்சு ஐல்சாவுக்குத் தெரியும். சர் டார்க்வில். ஹெலிகாப்டருக்குப் பாதிப் பணம் கொடுத்த பண்ணை முதலாளி. கொடுத்த நாளிலிருந்து விருந்துக்கு விருந்து "என் ஹெலிகாப்டர்" என்று பீற்றிக்கொள்வார். கதவில் தன் பெயர் சின்னதாக இருக்கிறது என்று சண்டை போட்டவர். அந்த ஆளைக் கண்டாலே ஐல்சாவுக்குக் குமட்டும்.

"சார், லைனை விட்டு வெளிய போங்க. உசுருக்குப் போராடுற ஆள் இருக்காரு."

"யார்கிட்ட பேசுறீங்க டாக்டர்?" என்றார் டூகல்.

"அந்தக் கிழத்துகிட்டதான். கேக்கலையா?"

"ஒண்ணும் கேக்கலையே..."

கேலமின் நாடி சரிந்தது.

"போயிட்டான். இறக்கு," என்றது அதே இழுவைக் குரல்.

ஐல்சா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். இனி இரைச்சல் மட்டும்தான் கேட்க வேண்டும்.

"அது என் இடம்..."

தெளிவாக. காதோரமாக.

சட்டென்று திரும்பிப் பார்த்தார். அங்கே யாருமில்லை.

பிறகு கோபம் வந்தது. "காசு கொடுத்தா எங்களையே வாங்கிட்டதா நெனப்பா? தலைகீழா நின்னாலும் உன்ன ஏத்த மாட்டேன், போடா!" என்று கத்திக்கொண்டே கேலமின் விலா இடுக்கைக் கத்தியால் கீறி விரலை நுழைத்தார். நுரையீரலை அழுத்தி அடைபட்டிருந்த காற்று சீறி வெளியேறியது.

நாடி திரும்பியது.

கேலமை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்ததும், கட்டுப்பாட்டு அறையிலிருந்த மோராவை போனில் பிடித்தார்.

"டார்க்வில்லை யாரு எங்க லைன்ல விட்டது?"





"டாக்டர்... அவரு நெஞ்சு வலின்னு கூப்பிட்டாரு. ஹெலிகாப்டர் ஒரு ஆட்டுக்காரருக்காகப் போயிருக்குன்னேன். 'அவன இறக்கிட்டு என்ன ஏத்தச் சொல்லு'ன்னாரு. அதோட பேச்சு நின்னுபோச்சு. ரோட்டு வழியா ஆள் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"எப்போ?"

"நீங்க இன்னும் தரையில கேலமுக்குக் குழாய் போட்டுக்கிட்டு இருந்தீங்க. ஹெலிகாப்டர் அங்கேருந்து கிளம்பவே இல்ல, டாக்டர்..."