தேனீயைப் பிடித்தவள்

திருவிதாங்கூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் ஒரே ஒரு வார்த்தை என்னைத் தினமும் ஓட ஓட விரட்டியது. காலையில் கிணற்றடிக்குப் போனால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னவாக்கும் விசேஷம்?" என்று ஒரு குரல் வரும். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதவளிடம் கேட்கிற கேள்வியா இது? பாளையங்கோட்டைப் பக்கம் புதுப்பெண்ணிடம் விசேஷம் உண்டா என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். முகம் சிவக்க வீட்டுக்குள் வந்துவிடுவேன். பிறகு பால்காரர் கேட்டார். அஞ்சல்காரர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உபதேசியாரும் கேட்டபோது, இந்த ஊருக்கே வெட்கம் கிடையாதா என்று என் வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனேன். மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரான அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சுகந்தானான்னு கேக்கதுக்கு இங்க அப்படியாக்கும் பறையது" என்றார். ஒரு மாதமாக நான் யாருக்கும் பதில் சொல்லாததால், வாத்தியார் கட்டிக்கொண்டு வந்த பெண் ஊமை என்று உதியன்குளங்கரை வரைக்கும் பேச்சு போயிருந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து கேட்டவள் பகவதியம்மை. என்னைவிடச் சற்று மூத்தவள். கணவர் நெய்யாற்றின்கரைத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அவர்கள் சைவக் குடும்பம், நாங்கள் வேதக்காரர்கள். என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஆனால் என்னோடு பேசாமல் அவளுக்குப் பொழுது போகாது. நான் வாயைத் திறந்தாலே "பாண்டிக்காரி பேசுகதக் கேளு" என்று சிரிப்பாள்; மலைக்குக் கிழக்கே இருந்து வருகிறவர்கள் எல்லாருமே இவர்களுக்குப் பாண்டிக்காரர்கள். இந்த ஊரில் என்னை வாத்தியார் பெண்டாட்டி என்று சொல்லாமல் "மக்கா" என்று முதலில் கூப்பிட்டது அவள்தான். ஊர்விட்டு ஊர் போய்க் குடியிருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். அப்படி ஒரு ஆள் கிடைத்துவிட்டால், சோறு தொண்டையில் இறங்கும்.

என் சீர்வரிசையில் பித்தளைப் பாத்திரம் குறைவு. அதற்குப் பதில் ஒரு பழைய காமிரா வந்தது. அப்பா பாளையங்கோட்டையில் போட்டோ கடை வைத்திருக்கிறார். அவருக்கு மகன் இல்லாததால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கற்றுக்கொண்டவள் நான். எல்லையில், ஆராம்பொழி சவுக்கையில் எங்கள் வண்டியை நிறுத்திச் சோதித்த உத்தியோகஸ்தர், படம் பதிகிற கண்ணாடி பிளேட்டுகள் இருந்த பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். வெளிச்சம் பட்டால் அத்தனையும் பாழ். நான் பேசாமல் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். புதுப்பெண் பிடிவாதம் என்று விட்டுவிட்டார். அப்பா வழியனுப்பும்போது சொன்னது ஒன்றுதான்: "பிள்ளைய, நாய, ஈ காக்காயப் பிடிக்கேன்னு பிளேட்ட வீணாக்கிராத. அதெல்லாம் அசையும்." அவர் அப்படிச் சொன்னதாலேயே எனக்குப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. என் குணம் அது.

பாளையங்கோட்டையில் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, பொட்டல், நடுவே பனை. இங்கே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பலாவும் தென்னையும் மிளகுக் கொடியும் மறைத்து நிற்கும். முதலில் மூச்சு முட்டியது. பிறகு, தூரத்தைப் பார்க்க முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்போம் என்று இறங்கினேன். பகவதியம்மையின் முற்றத்து ஓரத்தில் வெள்ளைச் செவ்வந்தி பூத்துக் கிடந்தது. தொழுவத்துச் சுவரில் பதித்த மண்பானையிலிருந்து தேனீக்கள் அதற்கு வந்து போயின. காமிராவின் துருத்தியை முழுவதும் இழுத்துவிட்டுப் பூவுக்குச் சாண் தூரத்தில் வைத்தால், பின்பக்கக் கண்ணாடியில் பூ தலைகீழாக, தட்டளவு பெரிதாகத் தெரியும். ஆனால் பிளேட்டைச் செருகிவிட்டால் அதற்கப்புறம் உள்ளே ஒன்றும் பார்க்க முடியாது. பூவைக் குறிவைத்து, ரப்பர் குமிழைக் கையில் பிடித்தபடி, ஈ தானாக அந்தப் பூவுக்கே வருமா என்று காத்திருக்க வேண்டியதுதான். பனி விலகாத காலையில் அவை சோம்பலாக இருக்கும் என்று தெரிந்துகொள்வதற்குள் பல பிளேட்டுகள் போயின. சிலவற்றில் வெறும் பூ. சிலவற்றில் ஒரு கலங்கல்.

தை பிறந்து, இவர்கள் கணக்கில் மகரம் பிறந்து, ஒரு காலையில் கிடைத்தது. ஈ வந்து பூவின் நடுவில் தலையைப் புதைத்து அப்படியே நின்றது. குமிழை அழுத்தினேன். சந்தோஷம் தாங்காமல் வேலியோரம் ஓடி, "அக்கா, பிடிச்சாச்சு! இனி இது எங்கயும் போவாது!" என்று கத்தினேன்.

பகவதியம்மை அப்போது ஏழு மாதம். முன்பு ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, என் படத்துக்காக மகிழ்கிறாள் என்று நினைத்தேன். அவளோ வேறு கேட்டிருந்தாள். கறுப்புத் துணி, கண்ணாடி, விடியற்காலை, "பிடிச்சாச்சு", "போவாது". ஈ கூட்டைவிட்டுப் போகாதபடி நான் மந்திரக் கட்டு கட்டிவிட்டதாகவே எடுத்துக்கொண்டாள். ஈ இறங்கிப் போன வீட்டில் பிள்ளை தங்காது என்று அவள் மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தாராம். எனக்கு அதெல்லாம் தெரியாது.

அந்த வாரமே ஒரு நாள் உச்சி வெயிலில் பானையிலிருந்த ஈக்கள் எல்லாம் இரைச்சலோடு கிளம்பி, தென்னைக்கு மேலாகப் போய்விட்டன. மறுநாள் காலை விசேஷம் கேட்க யாரும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்தக் கேள்வி இல்லாமல் கிணற்றடி எனக்கு அந்நிய நாடாகிவிட்டது. பிறகு அவளே வந்தாள். அழுது வீங்கிய முகம்.

"எனக்க ஈச்சய எல்லாம் நீயாக்கும் பிடிச்சு வச்சிருக்கது. அந்தக் கண்ணாடிய உடைச்சு விடு மக்கா. எனக்க பிள்ளைய நெனச்சு விடு."

விளக்கம் சொல்லிப் பார்த்தேன். மருந்து, வெளிச்சம், நிழல் என்று என்னென்னவோ சொன்னேன். என் தமிழ் அவளுக்கும் அவள் பயம் எனக்கும் எட்டவில்லை. அப்பாவே முடியாது என்று சொன்ன படம். அதுபோல இன்னொன்று எனக்குக் கிடைக்காமலே போகலாம். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிற்கிறவளிடம் என்ன வாதாடுவது? உள்ளே போய், மருந்தில் கழுவி வைத்திருந்த பிளேட்டை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். "நீங்களே உடைச்சிருங்க அக்கா. எனக்கு மனசு வராது."

உடைப்பதற்கு முன் அவள் அதை வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். பிளேட்டில் எல்லாம் மாறித்தானே இருக்கும். கரிய பூ, அதில் வெளிறிய ஒரு ஈ. கழுத்து மயிர், இறக்கையின் நரம்பு, பின்னங்காலில் ஒட்டிய மகரந்த உருண்டை எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. வெகுநேரம் பார்த்தாள்.

"காலுல இது என்னவாக்கும்?"

"பூம்பொடிக்கா. கூட்டுக்குக் கொண்டு போகுது."

"பாவம், இதும் சொமடு சொமக்குது" என்று தன் வயிற்றைத் தடவினாள். பிறகு அவளுக்குள் ஏதோ கணக்கு நேரானது. முகம் தெளிந்தது. "அப்பம் எல்லாம் போகல்லியே! ஒண்ணு இங்க உண்டுல்லா? இது எனக்க வீட்டுல இருக்கட்டு. மாமிகிட்ட நான் பறையுதேன்."

என் வாழ்நாளில் இவ்வளவு நியாயமான பேச்சை நான் கேட்டதில்லை. ஒரு பிரதி மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சரி என்றாள். பிளேட்டைக் காகிதத்தோடு சட்டத்தில் பூட்டி வெயிலில் வைத்துவிட்டு, அதன் இரு பக்கமும் உட்கார்ந்தோம். வெள்ளைக் காகிதத்தில் மெல்ல மெல்ல ஈ கறுத்து வந்ததைப் பார்த்து அவள் கைதட்டினாள். தாகமாக இருக்கிறது என்று, யோசிக்காமல், என் சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தாள். குடித்த பிறகுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பிரதியை அப்பாவுக்கு அனுப்பினேன். கடை முகப்பிலேயே மாட்டிவிட்டாராம். அடியில் "திருவிதாங்கூர்த் தேனீ" என்று எழுதியிருக்கிறாராம். உங்க ஊர் ஈ ரொம்ப அழகு என்று வேறு கடிதத்தில் எழுதியிருக்கிறார். உங்க ஊர்! படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

பகவதியம்மைக்குப் பெண் பிறந்தது. முழுக் குரலில் அழுகிற குழந்தை. கண்ணாடி அவர்கள் பூஜை மாடத்தில் இருக்கிறது. பெயர் வைக்கும் நாளில் திருப்புறத்திலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "வெள்ளையா இருக்கே, இது எந்த நாட்டு ஈயாக்கும்?" என்று கேட்டாள். கூடத்தில் பத்துப் பேர். நான் வாசலோரம் நின்றிருந்தேன்.

பகவதியம்மை குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வந்து கூடினதாக்கும். இனி இங்கத்ததுதான்."