நீர்க்கட்டியின் மேல் போட்ட பழி

அறுப்புக்கூடத்தில் அவளுக்கு சூரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கத்தியைப் பிடித்த முதல் வாரத்திலேயே அது போய்விட்டது. பதினோரு வருடமாக உள்ளுறுப்பு மேசைதான் அவள் இடம். தலைக்கு மேலே ஓடும் கொக்கியில் மாடு தலைகீழாகத் தொங்கி வரும். வயிறு கிழியும். குடலும் ஈரலும் சுடச்சுட மேசையில் சரியும். சூரி சிறுநீரகத்தைப் பிய்த்தெடுத்து, கொழுப்பைச் சீவி, நல்லதைத் தட்டிலும் கெட்டதை வாளியிலும் எறிவாள். மதியத்துக்குள் முழங்கை வரை சிவந்துவிடும். யாராவது வம்புக்கு வந்தால் கையைக் கூடக் கழுவாமல் பதில் சொல்லுவாள்.

அங்கே மேஸ்திரிக்கு ஹாரன் என்று பெயர். வாயால் கத்துவான், காலால் பேசுவான். வாளியை உதைப்பான், மேசையை உதைப்பான், மேசைக்குப் பக்கத்தில் நிற்பவர்களையும் உதைப்பான். இரும்பு முனை வைத்த பூட்ஸ். ஒரு நாள் கொக்கி சிக்கி வரிசை அரை நிமிடம் நின்றுபோனது. சூரி குனிந்து வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது பக்கத்தில், விலா முடிகிற இடத்தில், முதுகுப் பக்கமாக அந்த பூட்ஸ் இறங்கியது. வாளியோடு குப்புற விழுந்தாள். வாயெல்லாம் ரத்தம். தன்னுடையதா மாட்டினுடையதா என்று தெரியவில்லை.

"வழுக்கிட்ட, என்ன?" என்றான் ஹாரன், மேலே நின்றபடி.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். "வழுக்கிட்டேன்" என்றாள். விபத்துப் புத்தகத்திலும் 'வழுக்கிக் குப்புற விழுந்தாள்' என்றே ஏறியது. அதன் கீழே அவள் கையெழுத்து.

நான்கு மாதமாகியும் வலி விடவில்லை. இருமினால் விலாவில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. இடது பக்கம் திரும்பிப் படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. கத்தியை ஓங்கும்போது கண் இருட்டியது. கம்பெனி மருத்துவரிடம் போனாள். அவர் அவள் முதுகைத் தொடவே இல்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார், காகிதத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"இடது கிட்னில நீர்க்கட்டிம்மா. அதான் வலி. வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

வலிக்குக் காரணம் தேடச் சொன்னால், ஒரு முதலாளி முதலில் தேடுவது தன் பெயர் இல்லாத காரணத்தைத்தான். அது அன்று ஸ்கேனிலேயே கிடைத்துவிட்டது. நீர்க்கட்டி என்றதும் அலுவலகத்தில் யாரோ கர்ப்பப்பை என்று முடிவு கட்டிவிட்டார்கள். 'பெண்களுக்கு வரும் நோய் காரணமாக வேலைக்குத் தகுதியில்லை' என்று கடிதம் வந்தது. ஒரு மாதத்தில் விசாரணை. அதில் எதுவும் சொல்ல முடியாவிட்டால் வேலை போய்விடும்.

புருஷன் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். கடிதத்தைப் படித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"ரெண்டு பெத்தவளுக்கு இப்ப எதுக்குடி நீர்க்கட்டி?"

"கிட்னிலய்யா. கர்ப்பப்பை முன்னாடி இருக்கு, கிட்னி பின்னாடி இருக்கு. டயருக்கும் ஸ்டியரிங்குக்கும் வித்தியாசம் தெரியுமில்ல உனக்கு?"

"சரி, கட்டின்னு டாக்டரே சொல்லிட்டாரில்ல. மாத்திரையப் போட்டுட்டுப் பேசாம இரு."

"தினம் நாலு கிட்னில நீர்ப்பை பாக்குறேன். குத்தினா தண்ணி பீச்சும், அவ்வளவுதான். அந்த மாடெல்லாம் நொண்டிக்கிட்டா வந்துச்சு? வெட்டுறவனையே முட்டித் தள்ள வந்துச்சு."

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் ஆணி இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அவன் சட்டையை மாட்டினான். "கிளம்பு. பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்."

அங்கே இருந்த டாக்டரம்மா ஸ்கேன் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். "எங்க வலிக்குது? காட்டுங்க."

சூரி ஒற்றை விரலை நீட்டி ஓர் இடத்தில் வைத்தாள்.

"கிட்னி வலிக்காரங்க பெரும்பாலும் உள்ளங்கைய வெச்சுக் காட்டுவாங்க. நீங்க விரல வெக்கிறீங்க." அதே இடத்தில் டாக்டரம்மா கட்டைவிரலால் அழுத்தினார். சூரி அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருகிவிட்டாள். அவர் கோபப்படவில்லை, சி.டி. ஸ்கேன் எடுக்க அனுப்பினார்.

படம் வந்தது. "கட்டி இருக்கு, திராட்சை அளவு. ரொம்பப் பெருசானா, சீழ் வெச்சா, ரத்தம் கசிஞ்சா வலிக்கலாம். இது அப்படி இல்ல. சும்மா இருக்கு. இங்க பாருங்க, கடைசி விலா எலும்பு. ஒடஞ்சு, ஒட்டாமலே நிக்குது. அடிபட்டுச்சா?"

"வழுக்கி, குப்புற விழுந்தேன்."

"குப்புற விழுந்தவங்களுக்கு முதுகுப் பக்கம் எப்படி ஒடையும்?"

சூரி புருஷனைப் பார்த்தாள். அவனிடமும் அவள் சொன்னதில்லை. "உதைச்சான்" என்றாள். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். புருஷன் எழுந்து வெளியே போய் வாசல் குப்பைத் தொட்டியை ஓர் உதை உதைத்துவிட்டு வந்தான். "நீயுமா?" என்றாள் சூரி. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

விசாரணையன்று மேலாளர் அறையில் நான்கு பேர்: மேலாளர், ஹாரன், குறிப்பெழுதும் குமாஸ்தா, சூரி. மேலாளர் விபத்துப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். "நீயே கையெழுத்துப் போட்டிருக்கியேம்மா."

"போட்டேன். பொய்யின்னு தெரிஞ்சேதான் போட்டேன். குப்புற விழுந்ததா அது சொல்லுது. எலும்பு பின்னால ஒடஞ்சிருக்கு. படம் பொய் சொல்லாது."

"கட்டி வந்தா எலும்பும் சேர்ந்து ஒடையும் சார்" என்றான் ஹாரன். "பொம்பளை நோய் உடம்பையே அரிச்சிரும்."

"கட்டி இருக்குற மாட்ட ஆயிரக்கணக்குல அறுத்திருக்கேன். அதுனால விலா ஒடஞ்ச மாடு ஒண்ணக்கூடப் பாத்ததில்ல. உன் பூட்ஸ் பட்டு ஒடஞ்சத இப்பத்தான் பாக்குறேன்."

ஹாரன் முகத்தில் ரத்தம் ஏறியது. அவனுக்குத் தெரிந்த பாஷை ஒன்றுதான். காலைத் தூக்கி அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஓங்கி உதைத்தான். நாற்காலி பறந்தது. அவள் இடது பக்கமாகவே தரையில் விழுந்தாள். கத்தவில்லை, கத்த மூச்சு வரவில்லை.

குமாஸ்தாவின் பேனா அந்தரத்தில் நின்றது. "சார், இதையும் எழுதணுமா?"

மேலாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலில் ஒன்றுமில்லை. குமாஸ்தா தானாகவே எழுதத் தொடங்கினான். பேனா உரசும் சத்தம் கேட்டதும் ஹாரன் ஓர் அடி பின்வாங்கினான்.

"நீ வெளிய போ" என்றார் மேலாளர் அவனிடம். பிறகு சூரியிடம், "எந்திரிம்மா. வேலை போகாது. வீட்டுக்குப் போய் ஓய்வெடு, பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னா எப்படி சார்?" மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. "அந்தக் கடுதாசில பொம்பளை நோய்னு இருக்குறத அடிங்க. உங்க மேஸ்திரி உதைச்சு எலும்ப ஒடச்சான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம் எந்திரிக்கிறேன்."

மேலாளர் பேனா மூடியைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அவள் தரையிலேயே, விலாவை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.