அத்தையின் இடது கை

வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தையை வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்கு மாட்டு வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமி. அப்பாவுக்கு ஒரே தங்கை அவள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள் அவளுடைய புருஷன் வீட்டார். அத்தையும் அதையேதான் சொன்னாள்.

தீப்புண் ஆறியது. ஆனால் ஆறும்போதே தோல் சுருங்கி இடது முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு கை நீளவேயில்லை. எனக்குப் பின்னல் போடும்போது ஒரு கற்றையை நானே பிடித்துக்கொள்ள வேண்டும்.

மாமா ஒருமுறை வந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. “ரெண்டு கையும் வெளங்கட்டும், அப்பறம் கூட்டிகினு போறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

அப்பா அத்தையை மெட்ராசுக்கு அழைத்துப்போனார். அங்கே டாக்டர் சுருங்கிய தோலை அறுத்துக் கையை நீட்டி, தொடையிலிருந்து தோலெடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார். அத்தை திரும்பி வந்து ஒரகடத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது கை நேராக நீண்டிருந்தது. நான் குதித்தேன்.

பாதி மாவுக்கட்டு ஒன்றைக் கையோடு வைத்துத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். புதுத் தோல் மறுபடி சுருங்கப் பார்க்கும், பல மாதம் கட்டியே இருக்க வேண்டும், தினமும் அவிழ்த்து நீட்டி மடக்கிவிட்டு உடனே கட்டிவிட வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. நீட்டி மடக்க வைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். வாத்தியார் போல அதட்டுவேன். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு செய்வாள்.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா, “ஆடி போவட்டும், கொண்டும்போயி வுட்டுட்டு வந்துடலாம்” என்றார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “அங்க போனா இன்னொரு தபா ஸ்டவ் வெடிக்காதா?”

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். புது ஸ்டவ் வாங்கிக்கொண்டால் போயிற்று, இதற்கு ஏன் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், அத்தை கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கையை மடக்கி மார்போடு அணைத்தபடி படுத்திருந்தாள்.

“இன்னாத்தே, கட்ட அவுத்துட்ட?”

“வலிக்குதுடி கண்ணு.”

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வேர்க்கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே, “தெரியும். நீ போயி வெளாடு” என்றாள்.

ஐப்பசி பிறப்பதற்குள் கை பழையபடி மடங்கிவிட்டது. அப்பா டாக்டரைத்தான் திட்டித் தீர்த்தார். பாவம், அந்த மனிதர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார். மறுபடி மெட்ராசுக்குப் போகலாம் என்றதற்கு அத்தை மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

மாமா வந்தார். கையை நீட்டச் சொன்னார். பாதிக்குமேல் அது நீளவில்லை. “இத வெச்சிகினு நான் இன்னா பண்றது?” என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பிறகு வரவேயில்லை.

நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். இத்தனை நாள் அதட்டி அதட்டிச் செய்ய வைத்ததெல்லாம் வீணாகிவிட்டதே! அழுது முடித்து உள்ளே வந்தபோது அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்காமலே அம்மா இன்னொரு கரண்டி சோறு போட்டு மீன்குழம்பை ஊற்றினாள். வந்த நாளிலிருந்து கொறித்துக்கொண்டிருந்தவள் அன்றைக்குத்தான் வயிறார உண்டாள். கை இப்படிப் போய்விட்ட பிறகும் இவளுக்கு எப்படிச் சோறு இறங்குகிறது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.